ஜீப்பை வெட்டும் முன் மவுஸைப் பிடியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் கேம்ஸ் விளையாடுகிறான், நான் படம் பார்க்கிறேன், வேறு என்னதான் செய்வது?" இந்தக் கேள்விக்குப் பலவிதமாகப் பதில் சொல்லலாம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமாக, வாசலில் நிற்கும் ஜீப்பை வைத்துப் பதில் சொல்கிறேன். குடும்பத்தோடு மலைப்பக்கம் போய் டெண்ட் அடித்துத் தங்க வண்டியைத் தயார் செய்வதற்கு, ஒர்க்‌ஷாப்பில் உள்ள வெல்டிங் மெஷினை விட உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் முதலில் தேவை. நான் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொண்டவன்.

எங்கள் ஊர் வத்திராயிருப்பு பக்கம் உள்ள வ. புதுப்பட்டி. மேற்கே பார்த்தால் மலை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவனுக்குப் போர் வீல் டிரைவ் வண்டி ஒன்று கையில் கிடைத்தால் என்ன தோன்றும்? கூரை மேல் இரும்பு கேரியர், பின்னால் மரத்தில் அலமாரி, கூடுதலாக ஒரு பேட்டரி என்று மனம் போன போக்கில் எல்லாவற்றையும் மாட்டினேன். தேனி, சின்னமனூர் வழியாக மேகமலைக்குக் கிளம்பினோம். அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது வளைவிலேயே பின் சீட்டிலிருந்து அம்மா, "ஏய்யா, வண்டி ஒரு பக்கமா சாயுற மாதிரி இருக்கே" என்றார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வெளியில் சொல்லவில்லை. மீதி வளைவுகளை மாட்டுவண்டி வேகத்தில் கடந்தோம். அனுமதி வாங்கியிருந்த ஒரு தனியார் எஸ்டேட்டில் இரவைக் கழித்தோம். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி "டிக்" என்றது, அவ்வளவுதான். இரவு முழுக்க ஓடிய மின்விசிறி, வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. கூடுதல் பேட்டரி இருந்தும், விசிறியை அதில் இணைக்காமல் விட்டது என் கெட்டிக்காரத்தனம்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எக்ஸெல் திறந்து கணக்குப் போட்டேன். முன்பே போட்டிருந்தால் கேரியருக்குக் கொடுத்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

எடைக் கணக்கு

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுண்லோட் செய்து கொள்ளலாம். அதில் உள்ள கால்க் புரோகிராம் இதே வேலையைச் செய்யும். புதிய பைல் ஒன்றைத் திறந்து, முதல் வரிசையில் ஆறு தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: பொருள், எண்ணிக்கை, ஒன்றின் எடை, மொத்த எடை, தரையிலிருந்து உயரம், பெருக்கல். எடை கிலோவில், உயரம் சென்டிமீட்டரில். உயரம் என்பது வண்டியில் ஏற்றி வைத்த நிலையில் அந்தப் பொருளின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. இஞ்ச் டேப் போதும். எடைக்குக் குளியலறைத் தராசில் பொருளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

இப்போது பார்முலா. பயப்பட வேண்டாம், எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மொத்த எடைக்கான செல்லைக் கிளிக் செய்து, சமக் குறியைத் தட்டுங்கள். எண்ணிக்கை உள்ள செல்லைக் கிளிக் செய்திடுங்கள். நட்சத்திரக் குறியைத் தட்டுங்கள். கம்ப்யூட்டருக்கு அதுதான் பெருக்கல் குறி. பின் ஒன்றின் எடை உள்ள செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். கடைசிக் கட்டத்தில் இதே போல மொத்த எடையை உயரத்தால் பெருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்றால், இல்லை. பார்முலா உள்ள செல்லின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் இருக்கும். மவுஸை அதன் மேல் கொண்டு சென்றால் பாயின்டர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்துக் கீழே இழுங்கள். எல்லா வரிகளும் தாமாகவே நிரம்பும். கடைசியில் சிக்மா குறியுள்ள பட்டனை அழுத்தி, மொத்த எடை, பெருக்கல் ஆகிய இரண்டு கட்டங்களையும் கூட்டிக் கொள்ளுங்கள். பெருக்கலின் கூட்டுத்தொகையை எடையின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது, உங்கள் சுமை சராசரியாக எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. வளைவில் வண்டி சாய்வதும் சாயாததும் பெருமளவு இந்த எண்ணில்தான் இருக்கிறது.

என் முதல் பயணத்தின் பட்டியலைப் பாருங்கள். கேரியர் 35 கிலோ, 190 செ.மீ. உயரத்தில். அதன் மேல் டெண்ட்டும் படுக்கைகளும் 30 கிலோ, 205 செ.மீ. இரண்டு தண்ணீர் கேன்கள் 42 கிலோ, அதுவும் கூரை மேல் 205-ல். உள்ளே மர அலமாரி 45 கிலோ, 100-ல். பேட்டரி 30 கிலோ, 85-ல். பாத்திரம், அடுப்பு 24 கிலோ, 110-ல். துணிமணி, சாப்பாட்டுச் சாமான் 34 கிலோ, 100-ல். மொத்தம் 240 கிலோ. சராசரி உயரம் கிட்டத்தட்ட 144 செ.மீ. ஆறாவது படிக்கும் பெண்ணின் தலை உயரத்தில் கால் டன் சுமையைச் சுமந்துகொண்டு கொண்டை ஊசியில் திரும்பியிருக்கிறேன்!

ஸ்ப்ரெட்ஷீட்டின் அருமை இங்கேதான் தெரியும். தண்ணீர் கேன்களின் உயரத்தில் 205 என்பதை அழித்து 85 என்று டைப் செய்தேன், அதாவது கேன்களைக் கூரையிலிருந்து இறக்கி வண்டியின் உள்தரையில் வைப்பதாக. என்டர் தட்டியவுடன் 144 என்பது 123 ஆனது. ஒரு ரூபாய் செலவில்லை. பிறகு வெறி பிடித்தது போல ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கேரியரே வேண்டாம். மர அலமாரிக்குப் பதில் காய்கறிக் கடையில் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள், 9 கிலோ. கனமான பேட்டரிக்குப் பதில் லித்தியம் வகை, பெட்டியோடு 8 கிலோ. பாத்திரத்தைக் குறைத்தேன்; வீட்டில் இதற்கு எதிர்ப்பு வந்தது, இட்லிக் கொப்பரையை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். டெண்ட்டும் படுக்கையும் உள்ளே வந்தன. முடிவில் 135 கிலோ, சராசரி உயரம் 97 செ.மீ.

வண்டி எவ்வளவு தாங்கும்?

மேனுவலை எடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள்: வண்டி சுமையோடு சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை, காலி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு உரிமையான சுமை. ஆட்களும் அதில் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதாரணமாக 2,150-லிருந்து 1,660 போனால் 490. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 260 என்று வைத்தால் சாமானுக்கு மிச்சம் 230 கிலோதான். என் முதல் பட்டியல் இந்தக் கணக்கில் தேறாது. காலி எடை டீசலோடு சேர்த்துச் சொல்லப்பட்டதா என்றும் பாருங்கள். 50 லிட்டர் டீசல் சுமார் 42 கிலோ வரும். கூரை தாங்கும் எடையும் மேனுவலில் தனியாக இருக்கும். அது நாம் நினைப்பதை விட மிகக் குறைவாக இருக்கும்.

போர் வீல் டிரைவ் இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். சேற்றிலும் மணலிலும் சக்கரம் வழுக்காமல் இழுக்க அது உதவும். அதிகச் சுமையோடு இறக்கத்தில் வரும் வண்டியை நிறுத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அது பிரேக்கின் வேலை.

கரண்ட் கணக்கு

அதே பைலில் கீழே இரண்டாவது ஷீட்டைத் திறந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்குங்கள். எல்.இ.டி. விளக்கு 5 வாட், 5 மணி நேரம்: 25. சிறு மின்விசிறி 20 வாட், 8 மணி நேரம்: 160. நான்கு மொபைல் சார்ஜ் செய்ய சுமார் 60. லேப்டாப் ஒரு மணி நேரம்: 50. மொத்தம் 295 வாட் மணி. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 25 ஆம்பியர் மணி. வண்டியில் உள்ள பேட்டரி 60 ஆம்பியர் மணி என்றால், ஒரே இரவில் பாதிக்கு அருகில் காலி! மேகமலையில் "டிக்" என்ற சத்தத்துக்கு அர்த்தம் இதுதான். ஆகவே முகாமுக்கான பேட்டரியை வண்டியின் பேட்டரியிலிருந்து தனியாக வைத்துவிடுங்கள். 12.8 வோல்ட், 50 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி 640 வாட் மணி தரும். நம் தேவைக்கு இரண்டு இரவு வரை தாராளம்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 300 வாட் கெட்டிலை 12 வோல்ட்டில் ஓட்டினால் 25 ஆம்பியர் பாயும். டேஷ்போர்டில் உள்ள சாக்கெட்டுகள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியருக்கானவை. பியூஸ் போனால் அதிர்ஷ்டம். பியூஸுக்குப் பதில் யாராவது கம்பி கட்டியிருந்தால் வயர் தீப்பிடிக்கும். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த வேலையை மட்டும் நீங்களே செய்யாமல் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். போகும்போது இந்த ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கும் வேலை சுலபம்.

கட்டம் போட்டுப் பாருங்கள்

வரைபடத்திற்குத் தனி சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். மூன்றாவது ஷீட்டில் கண்ட்ரோல் கீயுடன் ஏ-யை அழுத்தி எல்லா செல்களையும் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள கட்டக் கோட்டை இழுத்து, செல்கள் எல்லாம் சதுரமாகும்படி அகலத்தைக் குறையுங்கள். ஒரு சதுரம் 10 செ.மீ. என்று கொண்டால் உங்கள் வண்டியின் பின்பகுதியை அப்படியே திரையில் வரையலாம். பெட்டிக்கு மஞ்சள், பேட்டரிக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று செல்களுக்கு வர்ணம் கொடுங்கள். படுப்பதற்கு 180 செ.மீ., அதாவது 18 கட்டம் மிஞ்சுகிறதா? பல ஜீப்களில் மிஞ்சாது. வண்டிக்குள் இருவர், டெண்ட்டில் மூவர் என்ற யோசனையெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் உடையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியை வெட்டி ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று உள்ளது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுகள் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கூரையை வெட்டுவது, கண்டபடி பெரிய டயர் போடுவது, சீட்டுகளை நிரந்தரமாகக் கழற்றுவது எல்லாம் வம்பு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான். உங்கள் ஆர்.சி.யில் என்ன எழுதியிருக்கிறது என்பதை டிஜிலாக்கர் தளத்தில் பார்த்துக் கொள்ளலாம். எனவேதான் சொல்கிறேன்: பிளாஸ்டிக் பெட்டியும், அதைக் கட்டும் பெல்ட்டும் போதும். ஞாயிறு இரவு இறக்கி வைத்தால் திங்கட்கிழமை அது சாதாரண வண்டி. பெட்டிகளை மட்டும் கட்டாமல் விடாதீர்கள்; சடன் பிரேக் அடித்தால் 21 கிலோ தண்ணீர் கேன் முன்சீட்டு வரை பறந்து வரும்.

எங்கே போவது?

எங்கள் ஊர் மலை 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நினைத்த இடத்தில் வண்டியை ஏற்றி டெண்ட் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீயில் மலையேற்றம் போனவர்கள் சிக்கி உயிரிழந்ததை மறக்க முடியாது. வனத்துறை அனுமதி உள்ள இடம், தனியார் எஸ்டேட், தெரிந்தவர் தோட்டம், இவை போதும்.

இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் ப்ரோவில் பாதையைக் கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் பார்க்கலாம். எங்கே ஏற்றம் செங்குத்தாகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் டீக்கடையில் நிறுத்தத் திட்டமிடுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் அந்தப் பகுதி மேப்பை மொபைலில் முன்பே டவுண்லோட் செய்து வையுங்கள்.

முதல் இரவைத் தொலைவில் வைக்காதீர்கள். நாங்கள் இரண்டாவது முறை சித்தப்பாவின் தென்னந்தோப்பில்தான் தங்கிப் பார்த்தோம். அடிவாரத் தோப்புகளுக்கு யானை வருவது உண்டு என்பதால் ஊரை ஒட்டிய தோப்பு. என்னென்ன மறந்தோம் என்பது அங்கேயே தெரிந்தது: தீப்பெட்டி, கொசுவத்தி, அம்மாவின் மாத்திரை. வீட்டுக்குப் போய் எடுத்துவரப் பத்து நிமிடம். மூன்றையும் அன்றிரவே பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டபடி வண்டிக்குள் தூங்காதீர்கள். வண்டிக்குள்ளோ டெண்ட்டுக்குள்ளோ அடுப்பு பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்டாலும் இன்னொரு போர்வைதான்.

பைலை சேவ் செய்ய மறக்க வேண்டாம். கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி, பயணத்தின் பெயரையும் தேதியையும் பைலுக்குப் பெயராகக் கொடுங்கள். அடுத்த முறை புதிதாக டைப் செய்ய வேண்டாம். சேவ் அஸ் கொடுத்து வேறு பெயரில் வைத்துக்கொண்டு, எடைகளை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஷீட் மகளின் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் நான் ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வந்தேன். வாசலிலேயே நிறுத்தி, "அப்பா, இது எத்தனை கிலோ?" என்றாள்.