செயற்கைப் புல்லுக்கும் ஒரு பாஸ் தேவை

வியாபாரம் என்றால் கடை திறப்பது, கடை என்றால் துணிக்கடை அல்லது ஹார்ட்வெயார் என்ற எண்ணம் மலையகத்திலுள்ள எம்மவர்களிடம் இன்னும் அகலவில்லை. பொருளை விற்பதற்குப் பலர் இருக்கிறார்கள். விற்ற பொருள் பழுதானால் திருத்திக் கொடுக்கத்தான் ஆளில்லை. அப்படி ஆளில்லாமல் கிடக்கும் ஒரு சின்னத் தொழிலைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். வீட்டு முற்றங்களில் விரித்திருக்கும் செயற்கைப் புல்லைத் திருத்தும் தொழில் அது.

தேயிலை மலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் புல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நுவரெலியா கோல்ப் கழகம் 1889இல் தொடங்கியது. அங்கே இன்றும் உண்மையான புல்தான். துரை பங்களாக்களிலும் அப்படித்தான். ஆனால் அங்கெல்லாம் வெயில் விழும் விசாலமான நிலமும் சம்பளத்துக்குத் தோட்டக்காரரும் உண்டு. ஐந்தாறு பேர்ச்சஸ் காணியில் மதிலை ஒட்டி வீடு கட்டியவருக்கு இரண்டும் இல்லை. நிழலிலும் மூடுபனியிலும் மலேசியன் புல் வைத்தாலும் சில மாதங்களில் பாசியும் சேறுமே மிஞ்சும். அதனால் சீமெந்துத் தரை, அதன்மேல் புல் விரிப்பு. உல்லாசப் பயணிகளுக்கு அறை கொடுப்பவர்களுக்குப் படத்தில் முற்றம் பச்சையாகத் தெரிவதும் முக்கியம்.

இது புதிய கதையும் அல்ல. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள அஸ்ட்ரோடோம் அரங்கில், கூரைக்குக் கீழே இயற்கைப் புல் செத்துப்போன பிறகுதான் 1966இல் செயற்கைப் புல் விரித்தார்கள். அஸ்ட்ரோ டேர்ப் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. அவர்களுக்குக் கூரை, எமக்கு மதிலும் மூடுபனியும்.

2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதிப் பொருட்கள் எல்லாம் கைக்கெட்டாமல் போயின. புல் விரிப்பும் கடல் கடந்து வரும் பொருள்தான். 20 அடிக்கு 15 அடி முற்றம் என்றால் 300 சதுர அடி. அதில் அடுப்புக் கரி விழுந்து பொசுங்கியது ஒரு சதுர அடி. அதற்காக 300 அடியையும் கழற்றி வீசச் சொல்வது என் பார்வையில் வியாபாரமல்ல, வாடிக்கையாளரை இழக்கும் வழி.

ஒட்டுப்போடும் வேலை பார்க்க எளிது. செய்யும்போதுதான் நுணுக்கம் தெரியும். விரிப்பைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் தையல் வரிசைகள் தெரியும். இரண்டு வரிசைகளுக்கு இடையே கட்டர் பிளேட்டை ஓட்ட வேண்டும். தையலை வெட்டினால் இழைகள் உதிரும். புதிய துண்டின் இழை சாயும் திசை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மாறினால் நிறம் ஒன்றாக இருந்தும் ஒட்டு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஓரங்களுக்குக் கீழே இணைப்புப் பட்டி வைத்து, பசை பூசி, பாரம் ஏற்றிக் காயவிட வேண்டும்.

நிறம் ஒரு தனிச் சிக்கல். உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கடுமையாகும். சில வருடம் வெயில் பட்ட விரிப்பில் புதுத்துண்டு ஒட்டினால் சட்டையில் போட்ட ஒட்டைப் போலத் தெரியும். அதே முற்றத்தில், கண்ணில் படாத மூலையில், அதே அளவு வெளுத்த ஒரு துண்டை வெட்டி நடுவில் ஒட்டி, புதியதை மூலைக்கு அனுப்புவதுதான் இதற்கு வழி. முதலில் விரிக்கும்போது மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்காரர் எறிந்துவிடக் கூடாது என்று சொல்லி வைப்பதும் நல்லது.

ஆனால் மலையகத்தில் பல முற்றங்களின் நோய் மேலே இல்லை, கீழே இருக்கிறது. சீமெந்துக்குச் சரிவு வைக்காமல் விரித்திருப்பார்கள். தண்ணீர் தேங்கும், பசை விடும், அடிப்பக்கத்துத் துளைகளைப் பாசி அடைக்கும், பிறகு நாற்றம். இப்படிப்பட்ட இடத்தில் மேலே எத்தனை ஒட்டுப் போட்டாலும் அடுத்த மழைக்குத் தாங்காது. விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். தரையைத் திருத்தாமல் பயனில்லை என்று வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே சொல்லவும் தெரிய வேண்டும். அன்றைய கூலி போனாலும் அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வரும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது இப்பகுதியில் மண்சரிவும் வெள்ளமும் ஏற்பட்டன. உயிரும் வீடும் போன இடத்தில் புல் விரிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. சேறு மட்டும் புகுந்து போன முற்றங்களுக்கு ஒன்று சொல்லலாம். காய்ந்த மண்ணைத் தும்புத்தடியால் இழைக்கு எதிர்த்திசையில் கூட்டி அள்ளிய பிறகே தண்ணீர் விட வேண்டும். வேகமாகத் தண்ணீர் அடிக்கும் இயந்திரத்தை நெருக்கிப் பிடித்தால் இணைப்பு பிரியும், இழைகளுக்கு இடையிலுள்ள மணலும் போய்விடும்.

கழற்றியதை எரிக்கக் கூடாது, அது பிளாஸ்டிக். உதிரும் இழைகளும் கானுக்குள் போகக் கூடாது. ஹட்டன் பக்கத்து ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும் செல்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

தொடங்குவதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. பிளேட், அளவு நாடா, தூரிகை, இணைப்புப் பட்டி, பசை, கழுவிக் காயவைத்த சிலிக்கா மணல். கூலியைச் சதுர அடிக்குப் பேசினால் ஒரு அடி ஒட்டுக்குப் பஸ் காசும் மிஞ்சாது, வேலைக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். இரண்டு கலவையாக வரும் பொலியூரித்தேன் பசை ஈரம் பட்டால் நுரைத்துப் பொங்கும், குளிரில் இறுகத் தாமதிக்கும். ஆகவே பனி விலகிய பின் காலை பத்து மணிக்குத் தொடங்கி, மூடுபனி இறங்குமுன் ஒட்டி முடிக்க வேண்டும். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகால விழாவுக்குக் கூட்டம் வரும், மே பிறந்தால் ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை. பெப்ரவரியும் மார்ச்சும்தான் இந்தத் தொழிலின் அறுவடைக் காலம்.