கரும்பு குடிக்கும் வி-8

பழைய கார் பித்தர்களுக்கு 2025-ல் ஒரு நல்ல சேதி கிடைத்தது. அதுவரை 1950-க்கு முன் தயாரான கார்களைத்தான் விண்டேஜ் கணக்கில் வெளிநாட்டிலிருந்து இறக்க முடிந்தது. இப்போது ஐம்பது வயதைத் தாண்டியவை எல்லாம் வரலாம். 1964-ன் பான்டியாக் ஜிடிஓ, 1969-ன் கமாரோ, 1970-ன் செவெல் என அமெரிக்க ‘மசில் கார்’களின் பொற்காலம் மொத்தமும் இந்த வாசலுக்குள் நுழைந்துவிடுகிறது. சுங்க வரியைக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும் என்பது வேறு விஷயம்.

வந்து இறங்கினால் அந்த இன்ஜினை யார் பார்ப்பார்கள்? புனேயில் அதற்குப் பஞ்சமில்லை. டீசல் இன்ஜினும் ஸ்கூட்டரும் லாரியும் செய்து பழகிய ஊர். நானா பேட்டையில் உதிரி பாகங்களுக்கென்றே கடைத்தெரு இருக்கிறது. புதனும் ஞாயிறும் கூடும் ஜூனா பஜாரில் கிளறினால் கார்புரேட்டர் முதல் காலாவதியான ஸ்பீடோமீட்டர் வரை அகப்படும். போர் அடிக்க, கிராங்க் சாணை பிடிக்க, வால்வு சீட் மாற்ற லேத் பட்டறைகள் உண்டு.

மசில் கார் இன்ஜினில் மாயம் ஒன்றும் இல்லை. வார்ப்பிரும்பு பிளாக், நடுவே ஒரே ஒரு கேம்ஷாஃப்ட், புஷ்ராடு, சிலிண்டருக்கு இரண்டு வால்வு, உச்சியில் நாலு வாய் கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறு வந்தால் காதும் மூக்கும்தான் ஸ்கேனர். செவர்லேயின் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி-8 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மேட்டில் மிதித்தால் மட்டும் மிஸ் அடிக்கும். பிளக்கை மாற்றுவார்கள், காயிலை மாற்றுவார்கள், சரியாகாது. விஷயம் ஃபயரிங் ஆர்டரில் இருக்கிறது: 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் ஒரே பக்கம் அடுத்தடுத்து இருக்கும் சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து. அந்த இரண்டு பிளக் வயர்களும் ஒட்டி இணையாகப் போனால் ஐந்தின் மின்சாரம் ஏழாம் வயரைத் தூண்டிவிடும். ஏழாம் சிலிண்டர் தன் முறை வருமுன்னே வெடிக்கும். செலவில்லாத வைத்தியம்தான்: வயர்களைப் பிரித்துக் கட்டினால் போதும்.

புதிதாகக் கட்டிய இன்ஜினை முதல் அரைமணி நேரத்தில் கொல்வதும் நடக்கிறது. தட்டை டாப்பெட் கேம்ஷாஃப்ட் போட்டவர்கள் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விட்டு ரசிக்கக் கூடாது. 2,000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல் இருபது நிமிடம் ஓட வேண்டும். அப்போதுதான் ஆயில் தெறித்து கேமின் முனைகளை நனைக்கும். ஆயிலில் துத்தநாகச் சேர்மானமும் போதுமான அளவு வேண்டும். இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் லாரிக்கு ஊற்றும் டீசல் ஆயிலைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இதெல்லாம் கைவேலை, ஆள் கிடைத்தால் தீரும். தீராத தலைவலி பெட்ரோல் பங்கில் காத்திருக்கிறது.

2021 ஜூன் 5-ம் தேதி, நாட்டிலேயே முதலாவதாக முழு எத்தனால் விற்கும் சோதனை முயற்சி புனேயின் மூன்று பங்குகளில்தான் தொடங்கியது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030-லிருந்து 2025-க்கு முன்னிழுத்த திட்டமும் அன்றுதான் வெளியானது. சொன்னபடி இலக்கை எட்டியும்விட்டார்கள். எத்தனால் பிறப்பது கரும்பிலிருந்தும்தான். புனேயின் ஹடப்சரை ஒட்டிய மகர்பட்டாவில் இன்று கண்ணாடிக் கட்டடங்களும் ஐ.டி. நிறுவனங்களும் நிற்கும் இடம், ஒரு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டம். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கும் மேலான நிலத்தை ஒன்றாகப் போட்டுத் தாங்களே நகரமாக்கினார்கள். அங்கிருந்து விரட்டப்பட்ட கரும்பு பெட்ரோல் டேங்க் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது!

இந்தக் கலவை கார்புரேட்டருக்கு ஏன் ஆகாது? ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. புது கார்களில் சென்சார் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பித்தளை ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான் ஊற்றும். விளைவு, காற்று மிஞ்சிய கலவை. இழுவை குறையும், மிதித்தால் திணறும், கார்புரேட்டர் வாய் வழியாகப் பட்டாசு வெடிக்கும், கழற்றிப் பார்த்தால் பிளக் முனை சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். மெயின் ஜெட்டின் விட்டத்தைச் சுமார் 4 சதவீதம் பெரிதாக்கினால் கணக்கு நேராகும். மைலேஜ் திரும்பாது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று அந்த 2021 திட்ட அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது.

வி-8 வரும்போது வரட்டும். அமெரிக்க ரத்தம் ஓடும் இன்ஜின்கள் இங்கே எப்போதோ வந்தாயிற்று. அடுக்குமாடி பார்க்கிங்கில் உறை போட்டு நிறுத்தியிருக்கும் பெட்ரோல் ஜீப்பில் இருப்பது வில்லிஸ் பரம்பரையின் 2.2 லிட்டர் இன்ஜின். இன்டேக் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் வினோதப் பிறவி. இதை மழைக்காலம் முழுக்க எடுக்காமல் விட்டு, தசராவுக்குக் கார்புரேட்டரைத் திறந்தால் கதை தெரியும். கிண்ணத்தின் அடியில் மாவு போல வெள்ளைப் படிவு. நீடில் வால்வு பசையில் ஒட்டியிருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊதி மெத்தென்றாகி, உள்சுவர் கறுப்புத் துணுக்குகளாக உதிரும். ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரமும் விறைத்திருக்கும். டேங்க்? எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

ஏப்ரல் வெயிலில் ஹடப்சர் தாண்டி திவே காட் மலைப்பாதையில் ஏறும்போது இன்னொரு சோதனை. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பில் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பது தாத்தா காலத்து வைத்தியம். இன்றும் பலிக்கிறது.

எத்தனாலுக்கும் நல்ல பக்கம் உண்டு: எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு விவசாயிக்குக் காசு வருகிறது, ஆக்டேன் ஏறுகிறது. கம்ப்ரஷன் 10-க்கும் மேலுள்ள மசில் கார்களுக்கு அந்த ஆக்டேன் உண்மையிலேயே வரம்தான். ஆனால் பழைய வண்டிக்காரர்களை யாரும் கேட்கவில்லை. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் போனபோதும் கேட்கவில்லை; எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் தேய்ந்து உள்ளே இறங்கிய பிறகுதான் கடினமான சீட் வளையம் போட ஓடினார்கள். அப்போதாவது ஒரு முறை செலவோடு முடிந்தது. இப்போது எத்தனால் கலக்காதது என்ற நம்பிக்கையில் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடி ஊர் முழுக்க அலைகிறார்கள். 2020 டிசம்பரில் புனேக்கு வந்தபோதே அது லிட்டர் சுமார் 160 ரூபாய். கேலனுக்கு ஏழெட்டு மைல் ஓடும் வி-8-க்கு அதை ஊற்றினால் சம்பளத் தேதியைப் பார்த்துத்தான் வண்டி எடுக்க வேண்டும்.

இதற்குள் 27 சதவீதக் கலவை என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. எரியத் தேவையான காற்றின் அளவு 13.1 பக்கம் இறங்கும். இப்போது ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டவர்கள் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி நானா பேட்டைக்குப் போக வேண்டியிருக்கும். ஹோஸ் மாற்றாதவர்கள் இப்போதே எத்தனால் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கிப் போட்டுவிடுவது நல்லது. பெட்ரோல் கசிந்து சொட்டும் இடத்துக்கு நேர் கீழே பல வண்டிகளில் இருப்பது கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு.