ஆண்டுக்கொரு கன்று; அதுவே கறவை மாட்டின் லாபம்

கறவை மாட்டில் லாபம் குறைந்தால் தீவன விலையையும் பால் விலையையும் குறை சொல்கிறோம். மாடு சினை பிடிக்காமல் கழியும் நாட்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எனவே, கன்று ஈன்ற 60 முதல் 90 நாட்களுக்குள் மீண்டும் சினையானால்தான் ஏறக்குறைய ஆண்டுக்கொரு கன்று கிடைக்கும்.

சினையாகாத பசு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு தடவை கவனிக்கத் தவறினால் அடுத்த ஈற்று 21 நாட்கள் தள்ளிப்போகும். மூன்று தடவை தவறினால் 63 நாட்கள்! தீவனச் செலவு மட்டும் நிற்காது.

ஆகவே, காலை, மாலை இருவேளையும் மாட்டைக் கவனியுங்கள். அடிக்கடி கத்துதல், மற்ற மாடு தாவும்போது அசையாமல் நிற்றல், அறையிலிருந்து கண்ணாடி போன்ற திரவம் வழிதல் ஆகியவை பருவத்தின் அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும்.

ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஊசி போட்டபின் 21-ஆம் நாளையொட்டி மீண்டும் பருவம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும், 60 முதல் 90 நாட்களுக்குள் சினைப் பரிசோதனை அவசியம். மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை, கவனமே முதல்.