மொன்றியல் தமிழரின் வாக்கு எங்கே போகிறது?

2025 ஏப்ரல் 28 அன்று நடந்த கனடிய நாடாளுமன்றத் தேர்தலில், மொன்றியலுக்கு வடக்கே உள்ள தெர்போன் தொகுதியின் முடிவு மாறி மாறி வந்தது. முதலில் லிபரல் வேட்பாளர் முன்னணியில் நின்றார். எண்ணிக்கையைச் சரிபார்த்தபோது புளொக் கெபெக்குவா வேட்பாளர் 44 வாக்குகளால் முந்தினார். நீதிபதி முன்னிலையில் மீண்டும் எண்ணியபோது, லிபரல் வேட்பாளர் ஒரேயொரு வாக்கால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. உறையில் அச்சாகியிருந்த தபால் குறியீடு பிழையாக இருந்ததால் ஒருவருடைய தபால் வாக்கு அவரிடமே திரும்பி வந்த கதையும் வெளியே வர, விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

ஒரு வாக்கின் பெறுமதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காதுதான். ஆனால் அதே தேர்தலில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடு முழுவதும் புளொக் கட்சிக்குக் கிடைத்தது 6.3 வீதம். புதிய ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்ததும் 6.3 வீதம். முதலாவது கட்சிக்கு 22 ஆசனங்கள், இரண்டாவதுக்கு 7. வாக்கு ஒரே அளவு. ஆசனம் மூன்று மடங்கு.

காரணம் சிக்கலானதல்ல. ஒவ்வொரு தொகுதியிலும் யார் முதலாவதாக வருகிறாரோ அவருக்கே ஆசனம். இரண்டாவதாக வந்தவருக்குப் போட்ட வாக்குகள் அங்கேயே முடிந்துவிடும். வென்றவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகளுக்கும் அதே கதிதான். ஆகவே எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதைவிட, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. புளொக்கின் வாக்குகள் கியூபெக்குக்குள் குவிந்திருக்கின்றன. புதிய ஜனநாயகக் கட்சியின் வாக்குகள் நாடெங்கும் தூவிக் கிடக்கின்றன.

கியூபெக் மாகாணத்தில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமாக விளையாடியிருக்கிறது. 1998 இல் லிபரல் கட்சி 43.5 வீத வாக்குகளைப் பெற்றும் தோற்றது, 42.9 வீதம் பெற்ற பார்ட்டி கெபெக்குவா 76 ஆசனங்களுடன் ஆட்சியில் தொடர்ந்தது. 1966 இலும் கூடுதல் வாக்குப் பெற்ற லிபரல்களே தோற்றார்கள். லிபரல் வாக்குகள் மொன்றியலின் மேற்குப் பக்கத் தொகுதிகளில் மலைபோல் குவிந்து வீணானதே இதற்குப் பெரிய காரணம். டார்சி-மக்கீ தொகுதியில் 2014 இல் அவர்களுடைய வேட்பாளர் 90 வீதத்துக்கு மேல் பெற்றார். 2022 இல் வேறொரு கூத்து. 15.4 வீதம் பெற்ற கெபெக் சொலிடேர் 11 ஆசனங்களும், 14.6 வீதம் பெற்ற பார்ட்டி கெபெக்குவா 3 ஆசனங்களும் பெற, வாக்கில் நாலாவதாக வந்த லிபரல் கட்சி 14.4 வீதத்தோடு 21 ஆசனங்கள் பெற்று எதிர்க்கட்சியானது. கிட்டத்தட்ட 13 வீதம் பெற்ற கியூபெக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஒன்றுமேயில்லை. பிரான்சுவா லெகோவின் காக் கட்சி 41 வீதத்தோடு 125 இல் 90 ஆசனங்களை அள்ளிக்கொண்டது.

எம்மில் வயதானவர்களுக்கு இது புதிய கதையல்ல. 1970 இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீதமும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 வீதமும் பெற்றன. முதலாவதுக்கு 17 ஆசனங்கள், இரண்டாவதுக்கு 91. கூட்டணிக் கட்சிகளோடு சேர்ந்து 151 இல் 116 ஆசனங்களை வைத்திருந்த அந்த அரசுதான் 1972 அரசியலமைப்பை இயற்றியது. சிறுபான்மையினருக்குப் பெயரளவிலாவது காப்பாக இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அதோடு போனது.

1977 இல் ஊசல் மறுபக்கம் ஆடியது. ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்குகளுக்கு 168 இல் 140 ஆசனங்களைப் பெற்றது. கிட்டத்தட்ட 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டுமே. 6.4 வீதம் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்துப் போட்டியிட்ட கட்சி கொழும்பில் எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்ததை எமது மக்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கு தேர்தல் முறைக்கும் உரியது. நாம் வடக்குக் கிழக்கில் செறிந்து வாழ்ந்தோம். அந்த முறை செறிவுக்குப் பரிசு கொடுத்தது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1993 இல், அதே காட்சி ஒட்டாவாவில் நடந்தது. பிரிவினையைக் கோரிய புளொக் கெபெக்குவா 13.5 வீத வாக்குகளோடு 54 ஆசனங்களைப் பெற, லூசியன் பூஷார் எதிர்க்கட்சித் தலைவரானார். அதுவரை நாட்டை ஆண்ட முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 16 வீத வாக்குகள். ஆசனங்கள் வெறும் இரண்டு. கியூபெக்கின் அரசியலைப் புரிந்துகொள்ள எம்மைவிடத் தகுதியானவர்கள் இந்த நாட்டில் குறைவு என்று நாம் நினைப்பதுண்டு.

ஆனால் அந்தப் பரிசுக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. 18 ஐக் கொடுத்த அதே முறைதான் 140 ஐயும் கொடுத்தது. ஜே.ஆர். ஜயவர்த்தன அந்தப் பெரும்பான்மையை வைத்து அரசியலமைப்பை மாற்றினார். 1982 இல் பொதுத் தேர்தலை நடத்தாமல் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தத்தைக் கொண்டுவந்தார். அந்தச் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். பெருக்கிக் காட்டும் கண்ணாடி எதிரே நிற்பவரையும் பெருக்கிக் காட்டும்.

இங்கே மொன்றியலில் எமக்கு அந்தச் செறிவும் இல்லை. பார்க் எக்ஸ்ரென்சனில் கொஞ்சம், கோத்-டே-நேஜில் கொஞ்சம், முருகன் கோயிலைச் சுற்றி டொலார்-டே-ஓர்மோவில் கொஞ்சம், லவாலில் கொஞ்சம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 2011 இல் ராதிகா சிற்சபைஈசனும் 2015 இல் கரி ஆனந்தசங்கரியும் வென்றதற்கு அவர்களுடைய உழைப்போடு அங்குள்ள எமது அடர்த்தியும் காரணம். மொன்றியலில் அந்த அடர்த்தியை எந்தத் தொகுதியிலும் காண முடியாது. "எங்கள் ஆட்கள் ஒற்றுமையில்லை" என்று இங்கே அடிக்கடி பேசப்படுவதில் பாதி, உண்மையில் வீட்டு வாடகைக் கணக்கு.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. 2018 இல் காக் கட்சி 37.4 வீத வாக்குகளோடு 74 ஆசனங்களை வென்று பெரும்பான்மை அரசை அமைத்தது. மொன்றியல் தீவின் 27 தொகுதிகளில் அதற்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. அதாவது, குடிவரவாளர்கள் மிக அதிகமாக வாழும் தீவு இல்லாமலேயே மாகாணத்தை ஆளலாம் என்று எண்கள் காட்டிவிட்டன. இப்படி இருக்கும்போது எந்த அரசு பார்க் எக்ஸ்ரென்சன் வாசலைத் தட்டும்? பொதுப்பள்ளி ஆசிரியர்கள் உள்ளிட்டோர் பணியில் மத அடையாளம் அணிவதைத் தடுக்கும் 21ஆம் இலக்கச் சட்டம் 2019 ஜூனில் விவாதம் மட்டுப்படுத்தப்பட்டு, 73 க்கு 35 என்று நிறைவேறியது. புதிதாக வந்த குடிவரவாளர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சில் மட்டுமே அரச சேவை என்ற 96ஆம் இலக்கச் சட்டம் 2022 இல் வந்தது. இரண்டிலும் உரிமைச் சாசனத்தை விலக்கிவைக்கும் 33ஆம் பிரிவு முன்கூட்டியே செருகப்பட்டது.

நேர்மையாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவோம். விகிதாசார முறை இருந்திருந்தாலும் 21ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கக்கூடும். பார்ட்டி கெபெக்குவாவும் அதை ஆதரித்தது, மாகாண மக்களிலும் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். தேர்தல் முறை மனங்களை மாற்றாது. ஆனால் பேரம் பேச வைக்கும். தனித்து ஆள முடியாத கட்சி இன்னொன்றின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். மொன்றியலில் விழும் ஒவ்வொரு வாக்கும் தன் ஆசனக் கணக்கில் சேரும் என்றால் இங்கேயும் வந்து கேட்க வேண்டும். நாம் விரும்பாத கட்சிகளுக்கும் ஆசனம் கிடைக்கும் என்பதும் உண்மை. 13 வீத மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவதை ஜனநாயகம் என்று எம்மால் சொல்ல முடியவில்லை, அவர்களுடைய கொள்கை எதுவாக இருந்தாலும்.

மாற்றம் ஏன் வரவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2015 இல் ஜஸ்டின் ட்ரூடோ, பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்றார், 39.5 வீதத்தோடு பெரும்பான்மை கிடைத்தது. 2017 பெப்ரவரியில் வாக்குறுதி கைவிடப்பட்டது. லெகோவும் 2018 மே மாதத்தில் மற்றக் கட்சிகளோடு சேர்ந்து கையெழுத்திட்டார். 2019 இல் 39ஆம் சட்டமூலம் வந்தது: 80 தொகுதி ஆசனங்கள், 45 பிராந்தியப் பட்டியல் ஆசனங்கள், 2022 தேர்தலோடு சர்வசன வாக்கெடுப்பு. 2021 இல் அதுவும் கிடப்பில் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ 2005 இல் 57.7 வீதமானோர் மாற்றத்துக்கு ஆம் என்றும் அது நடக்கவில்லை. 60 வீதம் வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஏணியில் ஏறியவன் ஏணியைப் பழிப்பதில்லை.

எம்மவர் இந்த விவாதத்துக்குக் கொண்டுவரக்கூடிய சரக்கு ஒன்று உண்டு. இலங்கையில் 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது; முதல் பொதுத் தேர்தல் அந்த முறையில் நடந்தது 1989 இல்தான். ஆரம்பத்தில் வெட்டுப்புள்ளி 12.5 வீதம். அதை 5 வீதமாகக் குறைக்க வைத்தவர் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப். சிறிய சமூகம் ஒன்றின் தலைவர் கொள்கைப் பிரகடனத்தோடு நின்றுவிடாமல் நுணுக்க விதியில் கைவைத்தார். 39ஆம் சட்டமூலத்தில் இருந்த வெட்டுப்புள்ளி 10 வீதம் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது.

2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும் பாருங்கள். தேசிய மக்கள் சக்தி கால்வாசி வாக்குகளோடு மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. முதலாவதாக வரும் கட்சிக்குப் போனஸ் ஆசனம் என்ற விதியும், தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் வாக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டதும் சேர்ந்து செய்த வேலை அது. விகிதாசாரம் என்று பெயர் இருந்தாலும், ஆசனங்கள் குறைந்த மாவட்டத்தில் விகிதம் நொண்டும்.

மாகாண சபைகளின் கதை இன்னும் கசப்பானது. 2017 இல் கலப்பு முறைக்கு மாற்றுகிறோம் என்று சட்டம் திருத்தப்பட்டது. எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில் தோற்றது. 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்த வட மாகாண சபைக்கு அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. சீர்திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் சிலர் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான், அது நியாயமும்கூட.

ஆகவே நாம் கேட்பது வெறும் "விகிதாசாரம்" அல்ல. நியூசிலாந்து போல முதலில் புதிய முறையில் சில தேர்தல்களை நடத்திப் பார்த்துவிட்டு மக்களிடம் மீண்டும் கேட்கலாம். அங்கே 1996 இல் தொடங்கி, 2011 இல் மறுபடி கேட்டபோது பெரும்பான்மையோர் வைத்திருப்போம் என்றார்கள். மொன்றியல் தீவு ஒரே பிராந்தியமாக இருக்க வேண்டும். துண்டாடினால் யாழ்ப்பாணக் கணக்குத்தான் வரும். வெட்டுப்புள்ளி 5 வீதத்தைத் தாண்டக்கூடாது. தொகுதியில் வெல்ல முடியாத சமூகத்தவரைக் கட்சிகள் பட்டியலின் அடியில் அலங்காரத்துக்கு வைக்காமல், வெல்லக்கூடிய இடத்தில் வைக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை வாசலுக்கு வரும் வேட்பாளர் வழமைபோல "வணக்கம்" சொல்லிச் சிரிப்பார். அவரிடம் சட்டமூலம் எந்த ஆண்டில் வரும், வெட்டுப்புள்ளி எத்தனை, சர்வசன வாக்கெடுப்பு முன்னரா பின்னரா என்று கேட்கலாம். பிரெஞ்சில் கேட்பது இன்னும் நல்லது. எங்கள் வீடுகளில் அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.