3,500 கிலோ இழுக்கும் சரி... ஆச்சியையும் ஏற்றிக்கொள்ளுமா? ஆஸ்திரேலியாவின் டீசல் யூட்கள் - ஓர் ஒப்பீடு

"பாப்பா, நீ தினமும் கார் பைக்னு ஏதாவது எழுதிக்கிட்டு இருக்கியே... எனக்கு ஒரு யூட் சொல்லேன்!"

மெல்போர்னில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து போன மாதம் வந்த வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் இது. ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் சித்தி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து போயிருக்கும் ஆச்சி என ஐந்து பேரும் கேரவனை இழுத்துக்கொண்டு அடிலெய்டு வழியாக உளுரு வரை போவதாகத் திட்டம். வழியில் ஊட்னடாட்டா டிராக் என்ற 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மண் சாலையில் கொஞ்ச தூரமாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் நீண்ட நாள் ஆசை.

"எல்லா கம்பெனியும் 3,500 கிலோ இழுக்கும்னுதான் போட்டிருக்கான். அப்புறம் என்ன வித்தியாசம்?" என்றும் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் தேடப்போன பிறகுதான், அந்த 3,500 என்ற எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புரிந்தது.

அது என்ன யூட்?

முன்னால் கார், பின்னால் திறந்த தொட்டி. நாம் 'பிக்-அப்' என்று சொல்வதைத்தான் ஆஸ்திரேலியர்கள் செல்லமாக 'யூட்' என்கிறார்கள். 1930களில் ஒரு விவசாயியின் மனைவி, 'ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகணும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கும் ஏற்றிப் போகணும். அதற்கு ஒரு வண்டி செய்து தாருங்கள்' என்று ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஜீலாங் நகரில் லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் வரைந்த அந்த வண்டி 1934-ல் வெளிவந்தது.

இன்று அந்த நாட்டில் அதிகம் விற்கும் வண்டிகளே யூட்கள்தான். 2016 முதல் 2022 வரை டொயோட்டா ஹைலக்ஸ் முதலிடம். 2023-லும் 2024-லும் ஃபோர்டு ரேஞ்சர் முதலிடம். நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. ஹைலக்ஸ் இந்தியாவிலும் கிடைக்கிறது. இசுசூ வி-கிராஸ், சென்னையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியில்தான் தயாராகிறது. ஆனால், நம் ஊரில் யாரும் இரண்டரை டன் கேரவனை மாட்டிக்கொண்டு 2,000 கிலோமீட்டர் போவதில்லை. அங்கே அது சாதாரண விடுமுறை!

களத்தில் யார் யார்?

சித்தப்பா பட்டியலில் இருந்த முக்கியமான டீசல் யூட்கள் இவை. எல்லாமே ஃபோர் வீல் டிரைவ், டபுள் கேப், ஆட்டோமேட்டிக்.

ஃபோர்டு ரேஞ்சர் வி6: 3.0 லிட்டர் இன்ஜின், 184 கிலோவாட், 600 நியூட்டன் மீட்டர், 10 கியர்கள். இந்தப் பட்டியலில் அதிக பலம் இதற்குத்தான். மலை ஏற்றத்தில் கேரவனோடு போகும்போது இன்ஜின் திணறாது. ஃபோக்ஸ்வேகன் அமராக்கின் வி6-ம் இதே இன்ஜின்தான். இரண்டும் உடன்பிறப்புகள்.

டொயோட்டா ஹைலக்ஸ்: 2.8 லிட்டர், 150 கிலோவாட், 500 நியூட்டன் மீட்டர். சில ரகங்களில் 48 வோல்ட் மைல்டு ஹைபிரிட் துணையும் உண்டு. இதன் பெரிய பலம் பானெட்டுக்கு வெளியே இருக்கிறது. எந்தக் குக்கிராமத்தில் நின்றுபோனாலும் உதிரி பாகமும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இசுசூ டி-மேக்ஸ்: 3.0 லிட்டர், 140 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர், 6 கியர்கள். காகிதத்தில் பலம் குறைவுதான். ஆனால், அலட்டிக்கொள்ளாமல் நாள் முழுக்க உழைக்கும் இன்ஜின் என்ற பெயர் இதற்கு உண்டு. மாஸ்டா பிடி-50-ன் 3.0 லிட்டர் ரகத்திலும் இதே இன்ஜின்தான்.

மிட்சுபிஷி டிரைட்டன்: 2.4 லிட்டர் இரட்டை டர்போ, 150 கிலோவாட், 470 நியூட்டன் மீட்டர். சர்வீஸை அவர்களிடமே தவறாமல் செய்தால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் வாரன்ட்டி.

கியா டாஸ்மன்: 2025-ல் வந்த புதுமுகம். 2.2 லிட்டர், 154 கிலோவாட், 440 நியூட்டன் மீட்டர், 8 கியர்கள், 7 ஆண்டு வாரன்ட்டி. முகத்தோற்றத்தைப் பார்த்துப் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே இட வசதி தாராளம்.

ஐந்துமே 3,500 கிலோ இழுக்கும் என்கின்றன. பொய்யில்லை. ஆனால், 'வண்டிக்குள் யார், என்னென்ன இருக்கும்போது?' என்ற கேள்விக்கு விளம்பரத்தில் பதில் இருக்காது.

காசு வராத ஏ.டி.எம்.!

மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* ஜி.வி.எம்.: ஆட்கள், சாமான், டீசல் எல்லாம் சேர்த்து யூட் மட்டும் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை.
* ஏ.டி.எம்.: சாமான்கள் நிறைத்த கேரவனின் அதிகபட்ச எடை.
* ஜி.சி.எம்.: யூட்டும் கேரவனும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த எடை.

இன்னொன்றும் உண்டு. கேரவனின் மூக்கு, யூட்டின் பின்னால் இருக்கும் கொக்கியை அழுத்தும் எடை. பொதுவாக, கேரவன் எடையில் 10 சதவிகிதம். 3,500 கிலோ கேரவன் என்றால் 350 கிலோ. இது யூட் சுமக்கும் கணக்கில்தான் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். டேங்க் நிறைய டீசலோடு யூட்டின் எடை 2,150 கிலோ. ஜி.வி.எம். 3,100. ஜி.சி.எம். 6,000. (வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும். உங்கள் ரகத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.)

3,500 கிலோ கேரவனை மாட்டினால், 6,000-ல் யூட்டுக்கு மிச்சம் 2,500. அதில் வண்டியின் எடை 2,150 போக, ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைப்பது 350 கிலோ.

சித்தப்பா 80, சித்தி 65, அண்ணன் 60, தங்கை 45, ஆச்சி 60. ஆக, 310 கிலோ. மீதி வெறும் 40 கிலோ! கங்காரு மோதினால் தாங்க முன்னால் மாட்டும் இரும்பு புல்பாரே அதைத் தின்றுவிடும். பின்னால் வைக்கும் ஃபிரிட்ஜ், தண்ணீர், கூடுதல் டயர், டூல்ஸ் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அதே யூட்டில் 2,500 கிலோ கேரவனை மாட்டிப் பாருங்கள். இப்போது ஜி.சி.எம். பிரச்னையே இல்லை. ஜி.வி.எம். கணக்குப்படி 3,100-ல் 2,150-ம், கொக்கியின் 250-ம் போக 700 கிலோ மிச்சம். ஐந்து பேர் ஏறிய பிறகும் கிட்டத்தட்ட 390 கிலோ கையில் இருக்கும்.

வண்டி அதேதான். கேரவனில் ஒரு டன் குறைந்ததும், யூட்டில் ஏற்றக்கூடிய எடை இரு மடங்கானது. அதனால், முதலில் முடிவு செய்ய வேண்டியது கேரவனை. யூட் அப்புறம்.

கணக்கு போடும்போது இன்னொரு கவனம். ஆஸ்திரேலிய பிரசுரங்களில் 'கெர்ப்' எடை என்றால் டேங்க் நிறைய டீசலோடு. 'டேர்' எடை என்றால் 10 லிட்டர் மட்டும். எதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால் 60 கிலோ வரை கணக்கு உதைக்கும்.

வால் ஆட்டிய கேரவன்

இந்த எண்களை எல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். போன ஈஸ்டர் விடுமுறையில் சித்தப்பா ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, தன் பழைய எஸ்.யூ.வி-யில் மாட்டி, ஹியூம் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார். கனமான பெட்டிகள், தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் கேரவனின் பின்பக்கம் அடுக்கியிருக்கிறார். ஒரு பெரிய டிரக் முந்திப்போன வேகத்தில் கேரவன் இடமும் வலமுமாக ஆட, கார் அதோடு சேர்ந்து இழுபட்டிருக்கிறது.

"ஒரு பத்து செகண்டுதான் இருக்கும். பின்சீட்ல புள்ளைங்க கத்தினது இன்னும் காதுல கேக்குது" என்றார் சித்தப்பா. நல்லவேளையாக ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அடங்கியிருக்கிறது.

காரணம் எளிமையானது. கனம் பின்னால் போனால் மூக்கு லேசாகிவிடும். மூக்கு லேசான கேரவன், காற்றடித்தாலே வால் ஆட்டும். கனமான சாமான்களை கேரவனின் அச்சுக்கு அருகில், தரையோடு தாழ்வாக வைக்க வேண்டும். ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகத்தை மெல்லக் குறைத்து, கேரவன் பிரேக்கை மட்டும் தனியாக இயக்கும் கன்ட்ரோலர் இருந்தால் அதை அழுத்த வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருப்பதோடு, கொக்கி கழன்றால் தானாகவே பிடித்துக்கொள்ளும் வசதியும் வேண்டும். எடை வரம்பு மீறியிருந்தால், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்கவும் வாய்ப்புண்டு.

மண்ணில் யார் கில்லாடி?

ரேஞ்சர் வி6, அமராக் வி6, டாஸ்மன் மூன்றிலும் நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையிலும் பயன்படுத்தலாம். டிரைட்டனின் உயர் ரகங்களில் இருக்கும் 'சூப்பர் செலக்ட்' அமைப்பும் அப்படித்தான். மழையில் நனைந்த ரவுண்டானாவில் கேரவனோடு திரும்பும்போது இதன் அருமை தெரியும். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் இரண்டிலும் மண், மணல், சேறு போன்ற இளகிய தரையில் மட்டும்தான் நான்கு சக்கர இயக்கம்.

அதற்காக அவை இளைத்தவை அல்ல. கரடுமுரடான பாதையில் தாக்குப்பிடிப்பதில் இரண்டுக்கும் தனி மரியாதை உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் இன்னொன்று தள்ளிக்கொண்டு போக உதவும் பின்பக்க டிஃப் லாக், நீங்கள் வாங்கும் ரகத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணலில் போகும்போது இன்ஜினைவிட டயர் காற்றுதான் முக்கியம். 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால், புதையும் வண்டியும் நகர்ந்துவிடும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றடிக்க ஒரு சிறிய கம்ப்ரஸர் அவசியம்.

காலமும் முக்கியம். வடமேற்கில் இருக்கும் கிப் ரிவர் சாலை மழைக்காலத்தில் மூடப்படும். சிம்ப்சன் பாலைவனம் கோடை வெப்பத்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியிருக்கும்.

டீசல்... சில உண்மைகள்

கேரவன் மாட்டினால் டீசல் செலவு கிட்டத்தட்ட இரு மடங்காகும். 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்று வைத்தால், 80 லிட்டர் டேங்க் 440 கிலோமீட்டரில் காலி. அடுத்த பங்க் எங்கே என்று தெரியாமல் உள்நாட்டுப் பக்கம் கிளம்பக் கூடாது.

புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டிக்கு நீண்ட தூர ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளின் இந்த வடிகட்டி அமைப்பில் குறை இருந்ததாக 2022-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பழைய வண்டி வாங்குபவர்கள் சர்வீஸ் வரலாற்றைக் கட்டாயம் பாருங்கள்.

சரி, எதை வாங்கலாம்?

* அடிக்கடி பெரிய கேரவன், மலைப்பாதை என்றால்: ரேஞ்சர் வி6 அல்லது அமராக் வி6.
* ஆளில்லாத தூரங்களுக்கு, பல வருடம் வைத்து ஓட்ட: ஹைலக்ஸ் அல்லது டி-மேக்ஸ்.
* பட்ஜெட்டும் நீண்ட வாரன்ட்டியும் முக்கியம் என்றால்: டிரைட்டன்.
* பின்சீட்டில் பெரியவர்கள் வசதியாக உட்கார வேண்டுமென்றால்: டாஸ்மனையும் ஓட்டிப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் கிளம்பும் முன் எல்லோரும் ஏறி, எல்லாச் சாமானும் ஏற்றி, ஒரு பொது எடை மேடையில் நிறுத்தி எடை போட்டுவிடுங்கள். ஆகும் செலவு சொற்பம்.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு அனுப்பி இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது. பார்த்து வைத்திருந்த 3,200 கிலோ கேரவன் வேண்டாமாம். 2,300 கிலோவில் ஒன்று பார்த்திருக்கிறாராம். யூட்டில் ரேஞ்சரா, டிரைட்டனா என்பது இந்த வார இறுதியில் ஓட்டிப் பார்த்தபின் முடிவாகும்.

கடைசியில் ஆச்சியின் குரல் கேட்டது. "அதெல்லாம் கெடக்கட்டும்... அம்புட்டு ஒசரத்துல நான் எப்படில ஏறுவேன்? படி வச்சிருக்கானான்னு கேளு!"

பக்கவாட்டுப் படியையும் எடைக் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.