விடுமுறையில் எந்த நூல்?

ஓகஸ்ட் விடுமுறைக்காகப் பாடசாலைகள் மூடப்படும் நாள் நெருங்கும்போது, பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் பெற்றோருக்குக் கவலையும் ஒருங்கே பிறக்கின்றன. சென்ற ஆண்டு அத்தகைய ஒரு நாளிலே, சோளகக் காற்று முற்றத்துச் சருகுகளை அள்ளி வீசிக்கொண்டிருந்த பிற்பகலில், அயல்வீட்டுத் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். "மாஸ்ரர், தம்பி ஒன்பதாம் வகுப்பிலே படிக்கிறான். பாடப் புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் தொடுகிறானில்லை. நல்ல புத்தகங்களாகப் பத்தின் பெயரை எழுதித் தாருங்கள், வாங்கிக் கொடுத்து வாசிக்க வைக்கிறேன்" என்றார்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கு அது மனத்தாங்கலாக இருந்திருத்தல் கூடும். ஆயினும் மறுத்தமைக்குக் காரணம் உண்டு.

எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, என் தந்தையாரும் இவ்வாறான பட்டியல் ஒன்றை எழுதி விறாந்தைச் சுவரிலே ஒட்டிவைத்தார். பன்னிரண்டு நூல்கள். அவற்றுள் ஒன்றையேனும் குறை கூறுதற்கில்லை. ஒவ்வொன்றையும் முடித்ததும் கொப்பியிலே ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் காட்டல் வேண்டும் என்பது விதி. விடுமுறை முடிந்த அன்று நான் இரண்டாவது நூலின் நடுவிலே நின்றேன்! ஆனால், அதே விடுமுறையிலே, பரணிற் கிடந்த தடித்த நூலொன்றை எவரும் ஏவாமலே மூன்று கிழமையில் வாசித்து முடித்திருந்தேன். கறையான் தின்றது போக எஞ்சியது அது. முன்னட்டையும் இல்லை, முதற் பக்கங்களும் இல்லை. தமிழ் கற்க வேண்டும் என்னும் ஒரே ஆவலோடு ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஏழைச் சிறுவன் ஒருவனைப் பற்றிய கற்பனைக் கதை என்றே அதனை எண்ணியிருந்தேன். அது கதையன்று, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்பது பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவந்தது. 1940இல் ஆனந்த விகடனிலே தொடராக வரத் தொடங்கி, 1942இல் ஐயர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்று, 1950இல் நூலுருப் பெற்றது அது.

அந்நூல் என்னை அதனுள்ளேயே இருக்க விடவில்லை. 1880இல் கும்பகோணத்திலே சேலம் இராமசுவாமி முதலியார், 'சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா?' என்ற கருத்திற் கேட்ட கேள்வி ஒன்று, ஐயரின் வாழ்வையே திசை திருப்புகிறது. அப்படி என்னதான் அந்தக் காப்பியத்தில் இருக்கிறது என்று தேடப் புறப்பட்டேன். நமது சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்நூலில் வருகிறார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த அவர் நம் அயலூரவர் என்று கண்டபோது எனக்கு உண்டான பெருமிதத்துக்கு அளவில்லை. அவரைப் பற்றி அறியவே முதன்முதலாக எங்கள் ஊர் வாசிகசாலையின் அலுமாரியைத் திறந்தேன். பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியலாற் செய்ய முடியாததை அட்டையில்லாத நூல் ஒன்று செய்தது.

ஆகவே அத்தாயாரிடம் நான் கூறியது இதுதான்: பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள், அழைத்துச் சென்றபின் ஒரு மணி நேரம் விலகி நில்லுங்கள். ஏதேனும் ஒரு நூலை நடுவிலே திறந்து இரண்டு பக்கம் வாசிக்கட்டும். மூன்றாம் பக்கத்தைத் தானாகவே புரட்டுவானாயின் அந்த நூல் அவனுக்குரியது. வரிக்கு வரி சொற்கள் தடுக்குமாயின் அதை இப்போதைக்கு வைத்துவிடட்டும், நூல் கோபித்துக்கொள்ளாது. எடுத்து வந்தது பாதியிலே கசந்தாலும் விட்டுவிட அவனுக்கு உரிமை உண்டு. முக்கியமாக, சுருக்கம் கேட்கவேண்டாம்.

"துப்பறியும் கதையை எடுத்தால்?" என்று கேட்டார். எடுக்கட்டுமே! நான் தலையணைக்கடியில் ஒளித்து வைத்து வாசித்தவை எத்தனையோ.

பெரியோர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நல்ல நூல்களைக் கையெட்டும் தூரத்திலே வைக்கலாம், வைத்துவிட்டுப் பேசாதிருக்கலாம். சாய்மனைக் கதிரையின் சட்டத்தின்மேல் நானாயின் வைக்கக்கூடியவை சில. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட 'மடொல் தூவ' தமிழிலும் வந்துள்ளது. வீட்டை விட்டுச் சென்ற உபாலியும் ஜின்னாவும் கொக்கலைக் களப்பின் தீவொன்றைத் திருத்தி வாழும் கதை அது. நம் நாட்டின் தென்கரைச் சிறுவரின் குறும்பும் நம் பிள்ளைகளின் குறும்பும் ஒன்றே என்பதை எந்தப் பாடப் புத்தகமும் அவ்வளவு இலகுவாகக் கற்பிக்கமாட்டாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம் என்று அஞ்சுவோர் இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாம்; அங்கே வந்தியத்தேவன் கடல் கடந்து இலங்கைக்கு வருகிறான். சிறிது வளர்ந்தோருக்கு டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்'. யாழ்ப்பாணத்திலே சலூன் தொழில் செய்துகொண்டே எழுதியவர் அவர். 1966இல் 'மல்லிகை' என்னும் சஞ்சிகையையும் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். சாதிக் கொடுமையைக் குறித்துப் பிள்ளைகள் வினவும்போது மழுப்பாது விடை கூற ஆயத்தமாயிருப்போர் மட்டும் அதனை வைப்பார்களாக.

நூல் வாங்கப் பணமேது என்னும் குறை நியாயமானதே. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பின் பின் வளர்ந்தோருக்குப் புத்தகத்தின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் பல்லாயிரமாக இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளையின் கையிலிருந்து நாம் பறிக்க முயலும் அதே கைத்தொலைபேசியிலேயே அவற்றை வாசிக்கலாம்.

நேரம் கிடைப்பதுதான் அரிது. காலையில் ஒரு தனியார் வகுப்பு, மாலையில் இன்னொன்று; இடையே குளித்து உண்ண அரைமணி. இதனை விடுமுறை என்று அழைப்பது எவ்வாறோ! வகுப்புகளில் ஒன்றையேனும் நிறுத்துங்கள் என்றேன். அதற்குத்தான் அத்தாயார் அதிகம் தயங்கினார். கணக்கு வகுப்பை விட மனமில்லை. ஈற்றிலே சனிக்கிழமை வகுப்பொன்றை நிறுத்தினார்.

விடுமுறையின் இறுதிக் கிழமையிலே அவரை மீண்டும் சந்தித்தேன். நான் சொன்ன நூல்களுள் ஒன்றையும் பையன் தொடவில்லையாம். நூலகத்திலே பாம்புகளைப் பற்றிய நூலொன்றை எடுத்து, இருமுறை வாசித்து, இப்போது வேலியோரம் சாரைப்பாம்பைக் கண்டாலும் அடிக்க விடுகிறானில்லையாம். அப்பாச்சியுடன் அதுபற்றி நாள்தோறும் வாக்குவாதம். அடுத்து எதை எடுப்பது என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.

"இப்போதாவது ஒரு சுருக்கம் எழுதச் சொல்லட்டுமா, மாஸ்ரர்?" என்றார்.

வேண்டாம் என்றேன்.