உறவு தடுக்காத யுத்தம்!
விக்டோரியா மகாராணியின் பேரப்பிள்ளைகள் கதை

1914-ம் ஆண்டு. உலக யுத்தம் மூண்டது. அப்போது இங்கிலாந்தை ஆண்டவர் 5-ம் ஜார்ஜ் மன்னர். ஜெர்மனியை ஆண்டவர் கெய்சர் 2-ம் வில்லியம். ருஷியாவை ஆண்டவர் ஜார் 2-ம் நிக்கலஸ்.

இந்த மூன்று பேரும் அந்நியர்கள் அல்ல. நெருங்கிய சொந்தக்காரர்கள்!

இங்கிலாந்து விக்டோரியா மகாராணிக்கு 9 பிள்ளைகள். மூத்த மகளின் மகன், கெய்சர் வில்லியம். மூத்த மகனின் மகன், ஜார்ஜ். அதாவது, ஜார்ஜுக்கு வில்லியம் அத்தை மகன்.

ஜார்ஜின் தாயாரும் நிக்கலசின் தாயாரும் உடன்பிறந்த சகோதரிகள். டென்மார்க் மன்னரின் பெண்கள். ஆகவே நிக்கலஸ், ஜார்ஜுக்குச் சித்தி மகன். நிக்கலஸ் மணந்த அலெக்சாந்திராவோ விக்டோரியாவின் இன்னொரு மகள் வயிற்றுப் பேத்தி!

ஜார்ஜும் நிக்கலசும் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பார்கள். 1893-ல் ஜார்ஜின் கல்யாணத்துக்கு நிக்கலஸ் வந்திருந்தார். மாப்பிள்ளை யார் என்று தெரியாமல் விருந்தாளிகள் ஆள் மாறிப் பேசினார்கள்.

ஊனக் கை

வில்லியம் 1859-ல் பிறந்தார். கஷ்டமான பிரசவம். இடது கை நரம்பு கெட்டுவிட்டது. அந்தக் கை வளராமல் குட்டையாகவே நின்றுவிட்டது.

நாடாளப் போகிற பிள்ளைக்குக் கை ஊனமா? வைத்தியர்கள் என்னென்னவோ செய்தார்கள். அப்போதுதான் கொன்ற முயலின் உடலுக்குள் அந்தக் கையை வைத்தார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

8 வயதில் குதிரை ஏற்றம். ஒரு கையால் பிடிக்க முடியாமல் பிள்ளை விழுவான், அழுவான். வாத்தியார் மறுபடியும் தூக்கிக் குதிரைமேல் உட்கார வைப்பார். இப்படியே பல வாரம் நடந்தது.

வில்லியம் குதிரை ஏறக் கற்றுக்கொண்டார். கூடவே, "நான் யாருக்கும் இளைத்தவன் அல்ல" என்று ஊருக்குக் காட்டும் குணமும் வளர்ந்தது. சிறுவனாகப் பாட்டி வீட்டுக்குப் போனபோது பார்த்த இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. பட்டத்துக்கு வந்த பின், 1898 முதல் அவரும் பெரிய கப்பற்படை கட்டத் தொடங்கினார். பாட்டி நாடு பகை நாடு ஆயிற்று.

தாய் ஊட்டிய கசப்பு

1864-ல் ஜெர்மனியின் பிரஷ்யா, டென்மார்க்கோடு சண்டை போட்டு அதன் நிலத்தைப் பறித்தது. அந்தக் கோபம் டென்மார்க் சகோதரிகள் இருவருக்கும் கடைசிவரை ஆறவில்லை. தாய்மாரின் கசப்பு பிள்ளைகளுக்கும் வந்தது. ஜார்ஜும் நிக்கலசும் ஒட்டிக்கொண்டார்கள். வில்லியம் தனியாக நின்றார்.

நிக்கலசின் வளர்ப்பு வேறு விதம். 1881-ல் அவருடைய தாத்தா வெடிகுண்டு வீச்சில் இறந்தார். 12 வயதுப் பையன் அதைக் கண்ணால் பார்த்தான். தகப்பனார் இரும்பு மனிதர். மகனைக் குழந்தையாகவே நினைத்தார். ராஜ்ய காரியம் பழக்கவில்லை. 1894-ல் அவர் திடீரென்று காலமானார். நிக்கலசுக்கு வயது 26. "எனக்கு ஆளத் தெரியாதே!" என்று அவர் அழுததாக உறவினர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும், அதிகாரத்தில் ஒரு துளியும் குறையாமல் மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் படித்த ஒரே பாடம்.

அந்த மகனுக்கோ ரத்தம் உறையாத நோய். விக்டோரியாவின் வம்சத்தில் வந்த நோய் அது. பிள்ளையைக் காப்பாற்றுவார் என்று ராணி நம்பியது ரஸ்புடின் என்ற சாமியாரை. 1915-ல் நிக்கலஸ் போர்முனைக்குப் போனார். தலைநகரில் ராணியின் சொல்லே சட்டம் ஆயிற்று. சாமியார் பேச்சைக் கேட்டு மந்திரிகள் மாற்றப்பட்டார்கள். ஜனங்கள் வெறுத்தார்கள்.

வில்லி – நிக்கி தந்திகள்

1914 ஜூலை 29 முதல் கெய்சரும் ஜாரும் தந்திமேல் தந்தி கொடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து "வில்லி", "நிக்கி" என்ற செல்லப் பெயர்கள்! வில்லியின் தந்தி கண்டு, படை திரட்டும் உத்தரவை நிக்கி அன்று இரவே நிறுத்தினார். தளபதிகளும் மந்திரிகளும் விடவில்லை. மறுநாளே மறுபடி உத்தரவு போட்டார். ஆகஸ்டு 1-ந் தேதி ஜெர்மனி ருஷியாமீது போர் தொடுத்தது. 4-ந் தேதி இங்கிலாந்தும் இறங்கியது.

அந்த நெருப்பு நம் வாசலுக்கும் வந்தது. செப்டம்பர் 22-ந் தேதி இரவு, கெய்சரின் "எம்டன்" கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது.

கதவை மூடிய மன்னர்

1917 மார்ச்சில் ருஷியாவில் புரட்சி. நிக்கலஸ் முடி துறந்தார். அவர் குடும்பத்துக்கு அடைக்கலம் தர இங்கிலாந்து மந்திரிசபை சம்மதித்தது. தடுத்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் மன்னரேதான்! ஜாரைக் கூட்டிவந்தால் தன் ஜனங்களே தனக்கு எதிராகத் திரும்புவார்கள் என்று பயந்தார். வேண்டாம் என்று காரியதரிசியை விட்டுக் கடிதங்கள் எழுதச் செய்தார். பழி வெகுகாலம் பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் தலையில் கிடந்தது. பிற்காலத்தில் கடிதங்கள் வெளியானபோதுதான் உண்மை தெரிந்தது.

1917 ஜூலை 17-ந் தேதி, ஜார்ஜ் தன் குடும்பத்தின் ஜெர்மன் பெயரைக் களைந்து "வின்ட்சர்" என்று வைத்துக்கொண்டார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1918 ஜூலை 17-ந் தேதி, நிக்கலசும் மனைவியும் 5 பிள்ளைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் கெய்சரும் முடி இழந்து ஹாலந்துக்கு ஓடினார். 1941-ல் அங்கேயே இறந்தார்.

ஜார்ஜ் மட்டும் தப்பினார். 1919-ல் போர்க்கப்பல் அனுப்பித் தன் சித்தியை மீட்டார். சித்தி மகனைத்தான் மீட்கவில்லை.

ஜார்ஜ் மற்ற இருவரையும் விடப் பெரிய அறிவாளியா? இல்லை. இளைய மகனாகப் பிறந்து கடற்படையில் வளர்ந்தவர். அண்ணன் 1892-ல் இறந்ததால் வாரிசானார். ஆனால் இங்கிலாந்தில் ஆட்சி பார்லிமெண்டின் கையில் இருந்தது. மன்னர் தவறினாலும் நாடு தவறாது. மற்ற இரு நாடுகளிலோ ஒரு மனிதனின் குறை, நாட்டின் தலைவிதி ஆயிற்று.

ரத்தம் சொன்ன சாட்சி

கொலையுண்ட ஜார் குடும்பத்தின் எலும்புகள் 1991-ல் தோண்டி எடுக்கப்பட்டன. இவை ராணியும் பிள்ளைகளும்தானா? எப்படி நிச்சயம் செய்வது? எலிசபெத் ராணியின் கணவர் பிலிப், ஜார் மனைவியின் அக்காள் பேரன். அவருடைய ரத்தத்தை வாங்கி 1993-ல் விஞ்ஞானிகள் ஒப்பிட்டார்கள். பொருந்தியது!

உயிரோடு இருந்தபோது இடம் தராத உறவு, எலும்பை அடையாளம் காட்டத்தான் உதவியது.